முற்றிய புற்றுநோயும் தீவிர சிகிச்சைப் பிரிவும்: ஆயர் அறிந்திருக்கவேண்டியவை

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் நெடுஞ்சாலையில் தவளக்குப்பத்தில் கிழக்கே திரும்பினால், கடற்கரையை ஒட்டி நல்லவாடு என்னும் மீனவர் ஊரை அடையலாம். அதே நெடுஞ்சாலையில் சற்றுத் தெற்கே கிருமாம்பாக்கத்தில் ஒன்றும் பிள்ளையார்குப்பத்தில் ஒன்றுமாக இரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. பட்டணத்தைக் கடந்து சென்றால் கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனையும் அதைச் சார்ந்த மண்டலப் புற்றுநோய் மையமும் உள்ளன. இத்தகைய ஊர்களில் முற்றிய புற்றுநோய் கண்டவர் முன்னாட்களில் பெரும்பாலும் வீட்டிலேயே, தம் மக்கள் சூழ இறந்தனர். அன்று வலிக்குத் தக்க மருந்து இல்லை என்பதையும் மறந்துவிடலாகாது; பழைய நாட்களைப் பொற்காலமாக எண்ணுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இன்றோ மூச்சுத் திணறல் தோன்றியவுடன் 108 வண்டி அழைக்கப்படுகிறது. அரைமணி நேரத்திற்குள் நோயாளி ஐ.சி.யூ. என்று யாவரும் சொல்லப் பழகிவிட்ட தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் இருக்கிறார். அடுத்ததாக உறவினர் தொலைபேசியில் அழைப்பது, கிறிஸ்தவக் குடும்பமாயின், பெரும்பாலும் தங்கள் ஆயரையே.

அவ்வேளையில் ஆயர் சொல்லும் ஒரு சொல், நோயாளி தம் கடைசி நாட்களை எங்கே, எவ்வாறு கழிப்பார் என்பதைத் தீர்மானிக்கும் காரணங்களுள் ஒன்றாகிவிடுகிறது. இது வெறும் ஊகமன்று. ஆய்வுகள் இதனைச் சுட்டுகின்றன. எனவே, தீவிர சிகிச்சையினால் முற்றிய புற்றுநோயாளருக்கு எப்போது பயன் உண்டு, எப்போது இல்லை என்பதை மருத்துவர் அல்லாத நாமும் ஓரளவு விளங்கிக்கொள்வது கடமையாகிறது.

இப்பிரிவு தோன்றிய வரலாறு

1952ஆம் ஆண்டில் டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாத நோய் கொள்ளைநோயாகப் பரவிற்று. மூச்சுத் தசைகள் செயலற்றுப்போன சிறுவரும் இளைஞரும் பிளக்டாம் மருத்துவமனையில் நாள்தோறும் வந்து குவிந்தனர். அத்தகையோரில் பத்துக்கு எட்டுப்பேருக்கு மேல் இறந்தனர். அப்போது மயக்கமருந்து வல்லுநரான பியோன் இப்சன் என்பவர் நோயாளியின் மூச்சுக்குழலில் துளையிட்டு, ஒரு குழாயைப் பொருத்தி, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தும் முறையைப் புகுத்தினார். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் இரவும் பகலும் முறைவைத்து அப்பைகளை அழுத்திக்கொண்டிருந்தனர். இறந்தோர் தொகை பாதிக்கும் கீழாகக் குறைந்தது. அடுத்த ஆண்டு அந்நகரில் நோயாளிகளை ஓரிடத்தில் வைத்து இடைவிடாது கவனிக்கும் பிரிவு ஒன்றை இப்சன் அமைத்தார். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கெல்லாம் அதுவே முன்னோடி எனலாம்.

இவ்வரலாற்றில் நாம் குறித்துக்கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. அம்மாணவர்கள் அழுத்திய பை இளம்பிள்ளைவாதத்தைக் குணப்படுத்தவில்லை. நோயின் வேகம் தணிந்து, தசைகள் மீண்டும் வலிமை பெறும்வரை உயிரைத் தாங்கிநின்றது, அவ்வளவே. வென்டிலேட்டர் என வழங்கும் செயற்கைச் சுவாசக் கருவியாயினும், சிறுநீரகத்திற்கு மாற்றாகும் டயாலிசிஸ் ஆயினும், இரத்த அழுத்தத்தை உயர்த்திவைக்கும் மருந்துகளாயினும் செய்வது அதுவே. அவை தருவது அவகாசம். அந்த அவகாசத்தில் மீள்வதற்கு உரிய ஏதேனும் ஒன்று உடலில் இருக்கவேண்டும். நிமோனியாக் காய்ச்சல் ஆன்டிபயாட்டிக் மருந்தால் தணியலாம். அறுவையின் அதிர்ச்சி இரண்டு நாட்களில் நீங்கலாம். ஆனால் நுரையீரல் முழுவதும் புற்றே பரவி, அதற்கென இனிக் கொடுக்க மருந்தும் இல்லையாயின், கருவி தரும் அவகாசத்தில் மீளப்போவது எது? மருத்துவர் தமக்குள் கேட்டுக்கொள்ளும் முதற் கேள்வி இதுவே. ஆயரும் இதனைக் கேட்கப் பழகலாம்.

எண்கள் காட்டுவன

புற்றுநோயாளருக்குத் தீவிர சிகிச்சையே வீண் என்று சில பத்தாண்டுகளுக்கு முன் மருத்துவர் பலர் கருதினர். செயற்கைச் சுவாசம் தேவைப்பட்ட புற்றுநோயாளரில் பெரும்பாலோர் அந்நாட்களில் இறந்தமையே அதற்குக் காரணம். அக்கருத்து இன்று மாறிவிட்டது. 2014ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, கட்டியாகத் தோன்றும் புற்றுநோய்களைக் கொண்டோர் தீவிர சிகிச்சைக்குச் சென்றால் மருத்துவமனையிலேயே இறப்பவர் பத்தில் நால்வர் அளவினரே என்று கணக்கிட்டது. இந்த எண்ணைக் கேட்டவுடன் மகிழ்ந்துவிடக்கூடாது. அறுவைக்குப் பின் ஓரிரு நாட்கள் கண்காணிப்புக்காக வைக்கப்பட்டோரும் இத்தொகையில் அடங்குவர். ஆயினும் ஓர் உண்மை தெளிவாகிறது: புற்றுநோய் என்ற பெயரை மட்டும் கொண்டு ஒருவருக்குத் தீவிர சிகிச்சை வேண்டாம் என்று சொல்வது அறியாமை. இரத்தப் புற்றுக்குக் கீமோதெரபி பெற்றுவரும் ஓர் இளைஞன், வெள்ளணுக்கள் குறைந்த வேளையில் தொற்று கண்டு மூச்சுத் திணறுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனை உடனே தீவிர சிகிச்சைக்கு அனுப்பவேண்டும். அவன் பிழைத்து முழுநலம் பெறவும் கூடும். அவனுடைய பெற்றோரிடம் இறைவனின் சித்தத்திற்கு ஒப்புவித்துவிடுங்கள் என்று சொல்லும் ஆயர் பெருந்தீங்கு செய்பவர்.

முற்றிய நிலையிலோ படம் வேறாகிறது. இதயம் நின்றபின் மார்பை அழுத்தி உயிர்ப்பிக்க முயலும் சிகிச்சையைப் பற்றி 1966 முதல் 2005 வரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி, 1,707 புற்றுநோயாளரின் நிலையை ஒரு குழுவினர் ஆராய்ந்தனர். மருத்துவமனையிலிருந்து உயிரோடு வீடு திரும்பியோர் நூற்றுக்கு 6.2. புற்று உடலின் பிற பகுதிகளுக்குப் பரவியிருந்தோரில் அது 5.6. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும்போதே இதயம் நின்றுபோனவர்களிலோ 2.2 மட்டுமே. திரைப்படங்களில் இரண்டு அழுத்தத்தில் நோயாளி கண்விழிப்பதைக் கண்டு பழகிய நம் மக்களுக்கு இது எளிதில் விளங்காது. விலா எலும்புகள் முறியக்கூடும் என்பதையும் பெரும்பாலும் எவரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

பாரிஸ் நகரில் நடந்த ஓர் ஆய்வு நமக்கு மிகவும் பயன்படக்கூடியது. அதன் முடிவு 2007ஆம் ஆண்டில் வெளியாயிற்று. செயற்கைச் சுவாசம் தேவைப்பட்ட 188 புற்றுநோயாளரை மருத்துவர்கள் மறுப்பின்றிச் சேர்த்துக்கொண்டனர். முன்னரே படுத்த படுக்கையாயிருந்தோரும், புற்றுக்கு இனிச் சிகிச்சை இல்லை என்ற நிலையை அடைந்தோரும் மட்டும் சேர்க்கப்படவில்லை. சேர்க்கப்பட்டோர் அனைவருக்கும் முதல் சில நாட்கள் குறைவின்றி எல்லாச் சிகிச்சையும் தரப்பட்டது. பின்னரே நிலைமை மறுபடி சீர்தூக்கிப் பார்க்கப்பட்டது. ஐவரில் ஒருவருக்குச் சற்று மேலானோர் பிழைத்தனர். சேர்க்கும் நாளில் யார் பிழைப்பார், யார் பிழையார் என்பதை உறுதியாகச் சொல்ல இயலவில்லை. ஆனால் மூன்று நாட்களுக்குப் பின்னும் உறுப்புகள் தொடர்ந்து தளர்ந்து, அதன்பின் புதிதாக வென்டிலேட்டரோ டயாலிசிஸோ இரத்த அழுத்த மருந்தோ தொடங்க நேர்ந்தவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

இதிலிருந்து தோன்றிய வழக்கமே காலவரையறையுள்ள சிகிச்சை. மூன்று அல்லது ஐந்து நாட்கள் முழு முயற்சி செய்வோம். இன்ன இன்ன அறிகுறிகள் தேறினால் தொடர்வோம், தேறாவிடின் கருவிகளை நீக்கித் துன்பம் தணிக்கும் சிகிச்சைக்கு மாறுவோம் என்று மருத்துவரும் குடும்பத்தாரும் தொடக்கத்திலேயே பேசி ஒப்புக்கொள்கின்றனர். ஐயத்திற்கு இடமான நிலைகளில் இது பெரிதும் உதவும். உள்ளே அனுப்பினால் இறுதிவரை எடுக்கவே முடியாது என்று அஞ்சும் குடும்பத்திற்கும், அனுப்பாவிடின் கொன்றுவிட்டோம் என்று பிற்காலத்தில் நெஞ்சு சுடுமே எனக் கலங்கும் குடும்பத்திற்கும் இது ஒரு வழியைத் திறக்கிறது.

மருத்துவரைக் காணும்போது ஆயர் கேட்கத் தகுந்தவை கடினமானவை அல்ல. இந்த நெருக்கடி சிகிச்சையின் விளைவா, தொற்றா, அன்றிப் புற்றே பரவியதன் விளைவா? இது தணிந்தபின் புற்றுக்குத் தர ஏதேனும் மருந்து உண்டா? சென்ற மாதம் நோயாளி எழுந்து நடமாடினாரா, பகலில் பாதிக்குமேல் படுக்கையிலேயே கழித்தாரா? இம்மூன்றாவது கேள்விக்குக் கருவிகளோ ஆய்வுக்கூடமோ வேண்டா. வாரந்தோறும் அவ்வீட்டுக்குச் சென்றுவந்த ஆயருக்கே விடை தெரிந்திருக்கும். மருத்துவர்கள் மிகப் பெரிதாக மதிக்கும் சான்றுகளுள் அதுவும் ஒன்று.

நம் ஊழியத்தைப் பற்றிய ஆய்வுகள்

அமெரிக்க நாட்டில் முற்றிய புற்றுநோயாளர் 345 பேரை அவர்கள் இறக்கும்வரை தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2009இல் வெளிவந்தது. சமய நம்பிக்கையை மிகுதியாகப் பற்றிக்கொண்டு நோயை எதிர்கொண்டோரில் நூற்றுக்கு 11.3 பேர் செயற்கைச் சுவாசக் கருவியில் வைக்கப்பட்டனர். அவ்வளவு பற்றில்லாதோரில் 3.6 பேரே. பக்தி மிகுந்தோர் மரணத்திற்கு அஞ்சாது அமைதியுடன் செல்வர் என்றல்லவா நாம் பிரசங்கிக்கிறோம்? உண்மை அதற்கு மாறாக இருந்தது.

2013இல் அதே ஆய்வாளரைச் சேர்ந்த குழுவினர் 343 நோயாளரைக் குறித்து வெளியிட்டது நம்மை இன்னும் நேராகத் தொடுகிறது. தங்கள் சமயச் சமூகத்திடமிருந்து மிகுந்த ஆவிக்குரிய ஆதரவைப் பெற்றதாகச் சொன்ன நோயாளிகள், கடைசி நாட்களில் துன்பம் தணிக்கும் இல்லங்களின் பராமரிப்பைப் பெறுவது குறைவாயிருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இறப்பதற்கான வாய்ப்போ மற்றவரைக் காட்டிலும் ஏறத்தாழ ஐந்து மடங்கு. அதாவது, சபையார் நன்கு சந்தித்து, நன்கு ஜெபித்து, நன்கு தேற்றிய நோயாளிகளே கருவிகளின் நடுவில் மிகுதியாக இறந்தனர். இதற்கு எதிரான ஒரு முடிவும் அவ்வாய்விலேயே உண்டு. ஆவிக்குரிய தேவைகளை மருத்துவமனைக் குழுவினரே, அங்குள்ள குருமார் உட்பட, கவனித்தபோது நிலைமை தலைகீழாயிற்று. சபை ஆதரவு மிகுந்தோரிடத்திலும் அவ்வாறே நேர்ந்தது.

இவ்வெண்கள் நம் நாட்டைச் சேர்ந்தவை அல்ல. ஒன்றோடொன்று சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று முடிவு செய்துவிடவும் கூடாது. ஆயினும் இவற்றை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது என்றே கருதுகிறேன். மருத்துவமனைக் குருவும் சபை ஆயரும் ஜெபிப்பது ஒரே தேவனிடம்தான். வேறுபாடு ஒன்றே: முன்னவருக்கு நோயாளியின் மெய்யான நிலை தெரியும்; பின்னவருக்குத் தெரியாது. தெரியாதவர் நம்பிக்கையான சொற்களைச் சொல்கிறார். விட்டுவிடாதீர்கள், தேவனால் கூடாதது ஒன்றுமில்லை என்று அவர் சொல்லும்போது, குடும்பத்தார் அதை வென்டிலேட்டர் வைக்கச் சம்மதியுங்கள் என்று பொருள் கொள்கின்றனர். ஆயர் அந்த நோக்கத்துடன் அதைச் சொல்லியிருக்கமாட்டார். ஆனால் வாயிலில் தாளை நீட்டிக் கையொப்பம் கேட்கும் வேளையில் மக்களின் செவியில் ஒலிப்பது அதுவே.

இன்னொரு கணக்கையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். நோயாளியைக் கவனித்துவந்த உறவினரிடையே 2010இல் செய்த ஆய்வு, நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவில் இறந்திருந்தால் உறவினரில் நூற்றுக்கு 21 பேருக்கு நெடுநாள் நீடிக்கும் மன அதிர்ச்சி நோய் காணப்பட்டது என்றும், உரிய பராமரிப்புடன் வீட்டில் இறந்திருந்தால் 4 பேருக்கே காணப்பட்டது என்றும் கூறியது. அடக்க ஆராதனைக்குப் பின்னர் ஆயர் சந்திக்கவேண்டிய குடும்பம் இதுவே. நம் ஊர்களிலோ கடன் என்ற சுமையும் இதனோடு சேர்கிறது. நகைகள் அடகுக் கடையில் இருக்கும். வலையோ படகின் பங்கோ கைமாறியிருக்கும். ஒரு வாரத்தில் பணம் தீர்ந்து, மருத்துவர் ஆலோசனைக்கு மாறாக அழைத்துச் செல்கிறோம் என்று கையொப்பமிட்டு, குழாயைக் கழற்றிய நோயாளியை வண்டியில் ஏற்றுகின்றனர். வலிக்கு மருந்தும் மூச்சுத் திணறலுக்குத் தணிவும் இன்றி அவர் வழியிலேயே இறப்பதுண்டு. தீவிர சிகிச்சையின் துன்பமும் கிட்டி, வீட்டில் இறக்கும் ஆறுதலும் கிட்டாமற்போகும் இம்முடிவே யாவற்றிலும் கொடியது.

காலத்தில் வந்த செய்தி

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது நல்லவாடு உலகச் செய்தியாயிற்று. சிங்கப்பூரில் பணியாற்றிய அவ்வூரார் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்தார். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அவ்வூரில் ஏற்படுத்தியிருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கி வழியாகச் செய்தி தெருக்களெங்கும் அறிவிக்கப்பட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் மேட்டுப்பகுதிக்கு ஓடித் தப்பினர். கேட்பவர் அஞ்சுவரே என்று எண்ணி அச்செய்தியை எவரும் மறைத்துவைக்கவில்லை. கால்கள் ஓடக்கூடிய வேளையில் அது வந்து சேர்ந்தது என்பதே அதன் சிறப்பு.

நோயைக் குறித்த உண்மையும் நோயாளி பேசக்கூடிய வேளையில் வரவேண்டும். மூச்சுக்குழலில் குழாய் இறங்கியபின் அவரால் பேச இயலாது; பெரும்பாலும் மயக்கமருந்திலேயே வைக்கப்படுவார். மகனை ஒப்புரவாக்கவோ, நிலத்தைப் பற்றிச் சொல்லவோ, திருவிருந்தைப் பெறவோ அதன்பின் வாய்ப்பில்லை. ஆனால் நம் குடும்பங்களில் நடப்பது என்ன? அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் ஐயா, தாங்கமாட்டார்கள் என்று வாசலிலேயே ஆயரைத் தடுத்து உறுதி வாங்கிக்கொள்கின்றனர். அம்மாவோ மூன்று மாதங்களாகத் தம் உடல் சுருங்குவதைக் கண்டிருக்கிறார். பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று அவரும் மறைக்கிறார்.

மருத்துவரும் பெரும்பாலும் மிகைபடவே நம்புகின்றனர். சிகாகோவில் மருத்துவர் 343 பேரிடம், தாங்கள் துன்பத்தணிப்பு இல்லத்திற்கு அனுப்பிய 468 நோயாளர் எவ்வளவு காலம் வாழ்வர் எனக் கேட்டு எழுதிவைத்து, 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். சரியாகச் சொன்னவை ஐந்தில் ஒன்றே. சராசரியாக, மெய்யாக வாழ்ந்த காலத்தைப்போல் ஐந்து மடங்கு காலத்தை அவர்கள் கணித்திருந்தனர். நோயாளியுடன் நெடுநாள் பழகிய மருத்துவரின் கணிப்பே மிகுதியும் தவறிற்று. அன்பு கண்ணை மறைக்கிறது என்பது ஆயர்களுக்கு மட்டும் உரியதன்று.

உண்மையைச் சொன்னால் நோயாளி மனமுடைந்துபோவார் என்ற அச்சத்திற்கும் ஆய்வில் விடை உண்டு. 2008இல் வெளிவந்த ஆய்வில் 332 நோயாளரில் 123 பேர் தங்கள் முடிவைக் குறித்து மருத்துவருடன் பேசியிருந்தனர். அவர்களிடம் மனச்சோர்வு மற்றவரைவிட மிகுதியாகக் காணப்படவில்லை. வென்டிலேட்டரில் வைக்கப்பட்டோர் அவர்களில் நூற்றுக்கு 1.6, பேசாதவரில் 11. இரண்டாண்டுகளுக்குப்பின் பாஸ்டன் நகரில் நுரையீரற் புற்று பரவிய 151 பேரிடம் செய்த ஆய்வு இன்னும் வியப்பைத் தந்தது. நோய் கண்ட தொடக்கத்திலிருந்தே துன்பத்தணிப்புப் பராமரிப்பையும் சேர்த்துப் பெற்றோர், கடைசியில் கடுஞ்சிகிச்சைகளைக் குறைவாகவே பெற்றனர். ஆயினும் நடுத்தரமாக 11.6 மாதங்கள் வாழ்ந்தனர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோர் வாழ்ந்தது 8.9 மாதங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிடவேண்டும் என்பதன்று. நோயாளியிடம் அவருக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று முதலில் கேட்கவேண்டும். சிலர் என் மூத்த மகனிடம் பேசிக்கொள்ளுங்கள் என்பர். அதுவும் அவருடைய உரிமையே. மற்றவர்கள் நெடுநாளாக யாரேனும் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர்களாயிருப்பர்.

திருமறையை வைத்துச் சொல்லப்படுவன

எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து ஆண்டுகள் கூட்டிக்கொடுக்கப்பட்டதை நோயாளியின் படுக்கையருகே மேற்கோள் காட்டாத ஆயர் அரியர். இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் 20ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசித்தால் வேறு இரண்டும் அங்கே உள்ளன. ராஜாவுக்குத் தீர்க்கதரிசி முதலில் அறிவித்தது அவர் சாகப்போகிறார், வீட்டுக் காரியங்களை ஒழுங்குபடுத்தவேண்டும் என்னும் உண்மையே. பின்னர், குணமாகும் என்ற வாக்கு வந்தபோதும் அத்திப்பழ அடையைப் புண்ணில் வைக்கும் மருத்துவம் விலக்கப்படவில்லை. உண்மை, ஜெபம், மருத்துவம் ஆகிய மூன்றும் அங்கே ஒன்றையொன்று தள்ளவில்லை.

1519இல் லூத்தர் மரணத்திற்கு ஆயத்தப்படுதலைப் பற்றி எழுதிய சிறுநூலும் உலகப் பொருட்களைத் தெளிவாகப் பங்கிட்டுவிட வேண்டும் என்பதிலேயே தொடங்கி, பிறரை மன்னித்து மன்னிப்புப் பெறுதலுக்குச் செல்கிறது. மரணத்தை எண்ணுவது விசுவாசக் குறைவு என்று இன்று சில மேடைகளில் சொல்லப்படுவதற்கும் அதற்கும் எவ்வளவு தூரம்! கத்தோலிக்க சபையில் பன்னிரண்டாம் பயஸ் 1957ஆம் ஆண்டு நவம்பரில் மயக்கமருந்து வல்லுநர்களுக்கு ஆற்றிய உரையில், இயல்பான வழிகளால் உயிரைப் பேணுவது கடமை, மிகையான வழிகளை மேற்கொள்வது கடமையன்று என விளக்கினார். உயிர் தேவனுடைய ஈவு என்று அறிக்கையிடும் நாமும் இதனை ஏற்பதற்குத் தடையில்லை. அற்புதம் செய்ய வல்லவருக்கு வென்டிலேட்டர் தேவையில்லை என்று ஒரு மூத்த ஆயர் சொல்வதுண்டு. சற்றுக் கூர்மையான சொல்லாயினும் சிந்திக்கத்தக்கது.

சட்டத்தின் நிலை

கருவிகளை நீக்குவது கொலை அல்லவா என்ற கேள்வியைக் குடும்பத்தார் கேட்கின்றனர். 2018 மார்ச் 9ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, மாண்புடன் இறக்கும் உரிமை வாழ்வுரிமையில் அடங்கும் என்றும், மீளமுடியாத நிலையில் உயிர்தாங்கும் சிகிச்சையை நிறுத்தலாம் என்றும் தீர்ப்பளித்தது. ஊசி மருந்தினால் உயிரைப் போக்குவது இன்றும் குற்றமே, இரண்டையும் குழப்பலாகாது. அத்தீர்ப்பு வகுத்த நடைமுறை மிகச் சிக்கலாயிருந்தமையால், 2023 ஜனவரியில் நீதிமன்றமே அதனை எளிதாக்கிற்று. ஒருவர் நல்ல மனநிலையில் இருக்கும்போதே தமக்கு எத்தகைய சிகிச்சை வேண்டாம் என்பதை எழுதி, இரண்டு சாட்சிகளோடு, நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் முன்பாகக் கையொப்பமிடலாம். தம் சார்பில் முடிவெடுக்கத் தக்கவரையும் அதில் குறிப்பிடலாம். பின்னர் மருத்துவமனையில் அமைக்கப்படும் இரண்டு மருத்துவக் குழுக்கள், ஒன்றன்பின் ஒன்றாக, கூடியவரை 48 மணி நேரத்திற்குள் தம் கருத்தைத் தெரிவிக்கவேண்டும். எழுத்து இல்லாதவிடத்தும் குடும்பத்தாரின் இசைவோடு இதே வழி உண்டு. நம் சபைகளில் உயில் எழுதுவதற்கு ஆயரை அழைப்போர் பலர். இவ்வெழுத்தைப் பற்றிக் கேட்போர் இன்னும் மிகச் சிலரே.

வீட்டுக்குக் கொண்டுவந்தபின்

தீவிர சிகிச்சை வேண்டாம் என்று முடிவு செய்வது சிகிச்சையே வேண்டாம் என்பதன்று. 1967இல் இலண்டனில் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் தொடங்கிய புனித கிறிஸ்தோபர் இல்லம் இதைத்தான் உலகுக்குக் கற்பித்தது. இந்தியாவில் 1986இல் மும்பையில் சாந்தி அவேதனா சதன் தோன்றிற்று. 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய சங்கம், அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்று நோயாளியின் வீட்டுக்குச் செல்லும் இயக்கமாகக் கேரளமெங்கும் வளர்ந்தது. மீனவர் குப்பங்களுக்கும் பாகூர்ப் பகுதிச் சிற்றூர்களுக்கும் பொருந்துவது இம்முறையே என்பது என் எண்ணம். இதற்குப் பெரிய கட்டடம் வேண்டா.

வலிக்கு முதன்மையான மருந்து மார்ஃபின் மாத்திரை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தினால் இது கிடைப்பது மிக அரிதாயிருந்தது. 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் இதனை வைத்துக்கொள்ள வழி ஏற்பட்டது. அளவறிந்து வலிக்காகக் கொடுக்கும் மார்ஃபின் உயிரைப் போக்குவதில்லை. மூச்சுத் திணறலையும் அதுவே தணிக்கும். சாதாரண மாத்திரையை நான்கு மணிக்கு ஒருமுறை தவறாது கொடுக்கவேண்டும். வலி வந்தபின் கொடுக்கலாம் என்று காத்திருத்தல் தவறு. மலச்சிக்கல் உண்டாகும் என்பதால் அதற்குரிய மருந்தையும் கூடவே கொடுக்கவேண்டும். கடைசி நாட்களில் பசி அற்றுப்போவது உடலின் இயல்பு. உண்ணாமல் சாகிறாரே என்று கஞ்சியைப் புகட்டி மூச்சுக்குழலில் இறக்கிவிடும் தவறு பல வீடுகளில் நடக்கிறது. உதடுகளையும் வாயையும் நனைத்துவந்தாலே போதும்.

ஆகவே வீட்டுச் சந்திப்பின்போது ஜெபத்தோடு சிலவற்றையும் விசாரித்துவரலாம். மாத்திரை எத்தனை நாளுக்கு இருக்கிறது, தீருமுன் யார் சென்று வாங்கிவருவர், இரவில் திணறல் வந்தால் 108ஐ அழைப்பதற்கு முன் எந்த மருத்துவரை அழைக்கவேண்டும் என்பவை எழுதி வைக்கப்பட்டிருக்கின்றனவா? வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் மகன்களுக்கு நிலைமை சொல்லப்பட்டதா? பலவேளைகளில் அம்மாவின் விருப்பமெல்லாம் ஒழுங்காக நிறைவேறிவரும்போது, கடைசி நாளில் வந்திறங்கும் ஒரு மகனே அவரை அள்ளிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுகிறார். அவரோடு தொலைபேசியில் முன்கூட்டியே பேசுவதும் ஆயரின் பணியே.